வீட்டுத் தொலைபேசியும் வெள்ளிக் கணக்கும்

(போர்ட் கிள்ளானில் மூத்தோர் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் கையில் இருப்பது ஒரு தொலைபேசி பில். என் தாயாருடைய பழைய பில். காகிதம் மஞ்சளாகிவிட்டது. இருந்தாலும் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஏனென்றால் இதில் இருக்கும் தவறு என்னுடையது.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். இதே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபிசில் முப்பத்தொரு வருஷம் கிராணியாக இருந்தேன். மாதக் கடைசியில் ஆபிஸ் தொலைபேசி பில்லைச் சரிபார்ப்பது என் வேலை. எந்த அழைப்பு எந்தக் கப்பலுக்காகப் போனது, எது சொந்த அழைப்பு என்று சிவப்புப் பேனாவால் கோடு போட்டு மேலாளரிடம் கொடுக்க வேண்டும். ஒரு வெள்ளி கூடினாலும் கேள்வி வரும். அப்படிப் பழகியவன்தான், அம்மாவின் வீட்டு லைனுக்கு ஒரு பிளான் எடுத்தபோது எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

பேரங்காடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு விற்பனையாளர், "நாடு முழுக்க எந்த வீட்டு போனுக்கும் இலவசமாகப் பேசலாம் அங்கிள், மாதம் 45 வெள்ளிதான்" என்றார். வெறும் லைன் வாடகை அப்போது 25 வெள்ளி. இருபது வெள்ளி கூடக் கொடுத்தால் அம்மா கணக்குப் பார்க்காமல் பேசுவார் என்று எனக்குத் தோன்றியது. அவரைக் கேட்கவில்லை. மூன்று வருஷம் அப்படியே ஓடியது.

பிறகு ஒரு நாள், பில்லில் மொபைல் அழைப்புக்கும் இந்திய அழைப்புக்கும் தனியாகக் காசு ஏறியிருப்பதைப் பார்த்தேன். "இலவசம்தானே, இது ஏன்?" என்று அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு என்னப்பா தெரியும், நீதானே எழுதிக் கொடுத்தே" என்றார். அன்றைக்குத்தான் ஒரு பள்ளிக்கூட நோட்டை வாங்கிப் போன் பக்கத்தில் வைத்தேன். எடுக்கிற ஒவ்வொரு அழைப்புக்கும், வருகிற ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு கோடு போடச் சொன்னேன். அம்மாவுக்கு எழுத்து குறைவு. கோடு போடத் தெரியும்.

ஒரு மாதம் முடிந்து எண்ணிப் பார்த்தோம். அம்மா எடுத்துப் பேசியது இருபத்து மூன்று தடவை. எட்டு தடவை காப்பாரில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு. நான்கு தடவை கிளினிக்குக்கும் கோயிலுக்கும். ஒன்பது தடவை பேரப்பிள்ளைகளின் மொபைலுக்கு. இரண்டு தடவை திருச்சிக்கு. இப்போது அடுத்த பக்கத்தைக் கேளுங்கள். போன் அடித்தது எழுபத்தொரு தடவை.

அந்த எழுபத்தொன்றுக்கு ஒரு காசும் கிடையாது. உள்ளே வரும் அழைப்புக்கு வீட்டு லைனில் நமக்குக் கட்டணம் வருவதில்லை. அம்மாவுக்கு அந்தப் போன் எதற்கு என்றால், பெரும்பாலும் கேட்பதற்கு. நானோ பேசுவதற்கான பிளானை வாங்கிக் கொடுத்திருந்தேன்.

கணக்கைப் பாருங்கள். அப்போது உள்ளூர் வீட்டு போனுக்குப் பேசினால் முதல் 2 நிமிடத்துக்கு 8 காசு, அதன் பிறகு நிமிடத்துக்கு 4 காசு. சின்னம்மாவோடு ஒரு தடவைக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று வையுங்கள், எட்டு தடவைக்கு 96 நிமிடம். கிளினிக்கும் கோயிலும் சேர்ந்து 12 நிமிடம். மொத்தம் 108 நிமிடம், 4 வெள்ளி 32 காசு. இந்த நான்கு வெள்ளி முப்பத்திரண்டு காசு 'இலவசமாக'க் கிடைப்பதற்காக மாதம் 20 வெள்ளி கொடுத்திருக்கிறோம். மூன்று வருஷத்தில் ஐந்நூறு வெள்ளிக்கு மேல் போய்விட்டது. அம்மாவின் மருந்துச் செலவைப் பற்றி நாங்கள் அண்ணன் தம்பிகள் பேசிக்கொண்டிருந்த அதே மூன்று வருஷம்.

இதைச் சொல்லவே இங்கே வந்தேன். பிளானைப் பற்றிப் பேசும்போது நாம் நிறுவனத்தின் தாளைத்தான் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது ரிசீவரை எடுக்கும் கையை. அந்தக் கை யாருடையது, யாருக்கு அடிக்கிறது, எத்தனை நேரம் பேசுகிறது, யார் அடிப்பார்கள் என்று காத்திருக்கிறது. நம் வீடுகளில் பிளானை எடுப்பவர்கள் பிள்ளைகள், அவர்கள் கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. போனை எடுப்பவர்கள் பெற்றோர். இந்த இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்காராமல் எடுத்த பிளான் மலிவாக இருக்க வழியில்லை.

நம் தலைமுறைக்கு ஏன் இந்தத் தடுமாற்றம் என்று யோசித்திருக்கிறேன். நாம் தேர்ந்தெடுத்துப் பழகியவர்கள் அல்ல. லைன் கிடைத்தாலே பெரிது என்று இருந்தவர்கள்.

இந்த ஊருக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் இருந்த காலத்தில் இங்கே எத்தனை வீட்டில் போன் இருந்தது? நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்து இந்தக் கரையில் இறங்கியவர்களுக்குக் கடுதாசிதான் போன். 1972இல் ஊர் பெயர் மாறி போர்ட் கிள்ளான் ஆனது. அப்போதும் துறைமுகத் தொழிலாளி வீட்டில் போன் கிடையாது. கப்பல் ஆபிசில் நான் சேர்ந்தபோது வெளிநாட்டுக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்போம். லைன் கிடைத்ததும் கத்திப் பேசுவோம். இன்றும் நம்மில் பலர் போனில் கத்துவது அந்தப் பழக்கம்தான்.

நாடு சுதந்திரம் அடைந்த பின் பல வருஷம் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவர் துன் சம்பந்தன். பிரிக்பீல்ட்ஸ் தெருவுக்கு அவர் பெயர் இருப்பது எல்லாருக்கும் தெரியும். போன் கம்பி அவர் இலாகாவில் இருந்தது என்பது இளையவர்களுக்குத் தெரியாது. அப்போது அது அரசாங்க டிபார்ட்மெண்ட். 1987 ஜனவரியில்தான் டிபார்ட்மெண்டிலிருந்து பிரிந்து நிறுவனமாக மாறியது. 1990இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல் அமைச்சர் சாமிவேலு. இன்று நாம் டெலிகோம் என்று சொல்லும் டி.எம். அதுதான்.

அந்தக் காலத்தில் உள்ளூர் அழைப்பு ஒன்றுக்கு 13 காசு. ஒரு நிமிடம் பேசினாலும் 13 காசு, ஒரு மணி நேரம் பேசினாலும் 13 காசு. நம் அம்மாமார்கள் மாலையில் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசியது அதனால்தான். பிறகு நிமிடக் கணக்கு வந்தது. நிமிடக் கணக்கு வந்த நாளிலிருந்து, பெரியவர்கள் போனை வைக்கும்போது "சரி சரி, காசு ஏறும்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு கட்டண மாற்றம் மனிதர்கள் பேசும் விதத்தையே மாற்றியதை என் கண்ணால் பார்த்தேன்.

1999இல் இன்னொரு மாற்றம். வீட்டு லைன் ஒரு நிறுவனத்துடையதாக இருந்தாலும், முன்னால் சில எண்களைத் தட்டினால் தூர அழைப்பை வேறொரு நிறுவனம் வழியாகப் போடலாம் என்று வந்தது. எங்கள் ஆபிசில் போனுக்கு மேலேயே ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன், எந்த ஊருக்கு எந்த முன்னெண் என்று. அதன் பின் அழைப்பு அட்டைகள் வந்தன. ஜாலான் தெங்கு கிளானாவில் பூக்கடைக்குப் பக்கத்துக் கடையில் அட்டை வாங்கி, வெள்ளிக்காசால் சுரண்டி, எண்ணைப் படிக்க முடியாமல் பேரனைக் கூப்பிட்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள்.

இப்போது எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வருகிறேன். விலைப்பட்டியலை நான் படிக்கப் போவதில்லை. அது இரண்டு மாதத்தில் பழசாகிவிடும். கணக்குப் போடும் முறை பழசாகாது.

கடைசி மூன்று மாத பில்லை எடுத்து வையுங்கள். அழைப்புகளைத் தனித்தனியாகக் காட்டும் விவரப் பட்டியல் வேண்டும், மொத்தத் தொகை மட்டும் போதாது. அதில் மூன்று நிறப் பென்சிலால் கோடு போடுங்கள். வீட்டு போனுக்குப் போனது ஒரு நிறம், மொபைலுக்குப் போனது ஒரு நிறம், வெளிநாடு ஒரு நிறம். எந்த நிறம் அதிகமோ அதற்கு ஏற்ற பிளானைத்தான் தேட வேண்டும். என் அம்மா விஷயத்தில் மொபைல் நிறம்தான் காசைத் தின்றது. நான் வாங்கிய பிளான் அந்த நிறத்தைத் தொடவே இல்லை.

அடுத்து, கூடுதலாகக் கேட்கும் தொகையை நிமிடமாக மாற்றிப் பாருங்கள். ஒரு பிளான் இன்னொன்றைவிட 20 வெள்ளி அதிகம் என்றால், அது 2,000 காசு. நிமிடம் 4 காசு என்றால் 500 நிமிடம், அதாவது எட்டு மணி இருபது நிமிடம். மாதத்தில் அவ்வளவு நேரம் வீட்டு போன்களுக்குப் பேசுகிறவர் நம்மில் யார்? மொபைலுக்கு நிமிடம் 12 காசு என்று வைத்துக்கொண்டால் அதே 20 வெள்ளிக்கு 166 நிமிடம். பேரப்பிள்ளைகள் நால்வர் இருக்கும் வீட்டில் இது நடக்கக்கூடிய அளவு. அப்படிப்பட்ட வீட்டுக்கு மொபைலும் சேர்ந்த பிளான் லாபம். தாளில் '500 நிமிடம் இலவசம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எந்த 500 நிமிடம், வீட்டு போனுக்கா, எல்லா நிறுவன மொபைலுக்குமா, தங்கள் நிறுவன மொபைலுக்கு மட்டுமா என்று கேளுங்கள். பேசாத நிமிடம் அடுத்த மாதத்துக்கு வருமா என்றும் கேளுங்கள்.

பில்லின் அடியில் இருக்கும் சின்ன வரிகளையும் விடாதீர்கள். அழைப்பவர் எண்ணைக் காட்டும் வசதிக்குத் தனிக் கட்டணமா? அச்சடித்த பில் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் காசா? முன்பணம் எவ்வளவு, லைனை நிறுத்தினால் திரும்பக் கிடைக்குமா? ஒப்பந்தம் 24 மாதம் என்றால், இடையில் நிறுத்த நேர்ந்தால் என்ன அபராதம்? எண்பது வயதுள்ளவர் பெயரில் இரண்டு வருஷ ஒப்பந்தம் எழுதும்போது இதைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மார்ச் முதல் தேதி சேவை வரி 8 விழுக்காடு ஆனபோது தொலைத்தொடர்பு சேவைக்கு 6 விழுக்காடாகவே விட்டார்கள். போன் பில்லில் வரி 8 என்று யாராவது சொன்னால் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

1800 என்று தொடங்கும் எண்ணுக்கு வீட்டு லைனிலிருந்து அடித்தால் நமக்குக் காசில்லை. 1300 அப்படியல்ல, அதற்கு நம் கணக்கில் ஏறும். 600 என்று தொடங்குவது விலை கூடிய சேவை. இந்த மூன்றையும் போனுக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

இனி இண்டர்நெட் உள்ள வீடுகள். 2018இல் மொத்தவிலைக் கட்டணத்துக்கு வரம்பு வைத்தபோது வீட்டு இண்டர்நெட் விலை நன்றாக இறங்கியது, வேகமும் கூடியது. அதற்குப் பிறகு நம் தாமான்களில் ஃபைபர் வராத வீடு குறைவு. ஃபைபர் சந்தாவோடு வீட்டு போனும் சேர்ந்து வருவது உண்டு. ஆனால் பல வீடுகளில் பழைய செம்புக் கம்பி லைனுக்கு அப்பா பெயரில் ஒரு பில், ஃபைபருக்கு மகன் பெயரில் ஒரு பில் என்று இரண்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபைபரோடு வந்த போன் பெட்டியைத் திறக்காமலே அலமாரியில் வைத்திருப்பார்கள். போன மாதம் பண்டமாரானில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். எந்தப் பிளானை மாற்றுவதற்கும் முன்னால், வீட்டுக்கு எத்தனை பில் வருகிறது என்று எண்ணுங்கள். பெரிய மிச்சம் அங்கேதான் கிடக்கிறது.

உடனே பழைய லைனை வெட்டிவிடாதீர்கள். இரண்டு காரணம்.

முதல் காரணம் எண். 03-3 என்று தொடங்கும் நம் கிள்ளான் எண்ணை யார் யார் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று யோசியுங்கள். கிளினிக் அட்டை, பேங்க், பென்ஷன் ஆபிஸ், திருச்சியில் இருக்கும் உறவினர் வீட்டுக் காலண்டர். என் அம்மாவின் எண்ணை மாற்றியிருந்தால் அந்த எழுபத்தொரு அழைப்பில் பாதி நின்றுபோயிருக்கும். பழைய எண்ணையே புதிய சேவைக்கு மாற்றித் தருவார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய் வார்த்தை போதாது.

இரண்டாவது காரணம் கரண்ட். இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பழைய செம்புக் கம்பி போன் வீட்டுக் கரண்டில் ஓடவில்லை. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக பேட்டரிகள் இருக்கும், அங்கிருந்து 48 வோல்ட் அதே கம்பி வழியாக வரும். ஊரே இருட்டாக இருந்தாலும் ரிசீவரை எடுத்தால் 'ஙொய்' என்று டோன் கேட்கும். ஃபைபர் கண்ணாடி இழை. அதில் ஒளி போகும், மின்சாரம் போகாது. ஆகவே வீட்டில் இருக்கும் பெட்டிக்கு நம் பிளக்கிலிருந்துதான் கரண்ட். வீட்டில் கரண்ட் போனால் போனும் போகும். செம்புக் கம்பியிலும், கம்பியில்லாத கார்ட்லெஸ் கருவியை வைத்திருந்தால் அதன் அடிப்பெட்டிக்கு பிளக் வேண்டும். அதுவும் இருட்டில் ஊமைதான்.

2021 டிசம்பர் 18ஆம் தேதி மழையை நினைத்துப் பாருங்கள். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மேல் உட்கார்ந்திருந்தவர்களை நாம் மறக்க முடியாது. கிள்ளானிலும் எத்தனை வீட்டில் தண்ணீர் ஏறியது. கரண்ட் இல்லை, மொபைல் பேட்டரி இறங்குகிறது, தனியாக இருக்கும் பெரியவரை எப்படித் தொடர்புகொள்வது என்று நாம் தவித்தோம். வெள்ளத்தில் செம்புக் கம்பியும் கெட்டுப்போகும், அது சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவில்லை. ஃபைபருக்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடும் அந்தப் பெட்டிக்குச் சின்ன யூ.பி.எஸ். ஒன்று வாங்கி மாட்டுங்கள். இண்டர்நெட் பெட்டி, போன் இரண்டுக்கும் சேர்த்து அது தாங்கும் அளவில் வாங்க வேண்டும். அந்தச் செலவையும் பிளான் விலையோடு கூட்டித்தான் எது மலிவு என்று பார்க்க வேண்டும்.

ஊருக்குப் பேசுவது பற்றி ஒருவர் வரும்போதே கேட்டார். வீட்டு லைனிலிருந்து திருச்சிக்கு என்றால் 00, 91, பிறகு 431. அங்கே உள்ளூரில் முன்னால் போடும் சைபரை விட்டுவிட வேண்டும். அதைச் சேர்த்துத் தட்டிவிட்டு லைன் கிடைக்கவில்லை என்று சொல்பவர்கள் நிறைய. நிமிடக் கட்டணம் அங்கே வீட்டு போனுக்கு ஒன்று, மொபைலுக்கு ஒன்று என்று இருக்கலாம், இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு மூன்று அழைப்புதான் என்றால் அதற்காக வெளிநாட்டுப் பிளான் எதுவும் வேண்டாம். நாங்கள் செய்தது இதுதான். திருச்சியில் இருக்கும் சித்தப்பா மகனிடம், ஞாயிற்றுக்கிழமை அங்கே மாலை ஆறரைக்கு அம்மாவுக்கு ஒரு அழைப்பு போடு என்று சொல்லிவிட்டோம். இங்கே அது இரவு ஒன்பது மணி, அம்மா சாப்பிட்டு முடித்திருப்பார். சித்தப்பா மகனுடைய அங்கத்திய பிளானில் வெளிநாட்டு அழைப்பு மலிவாகக் கிடைத்தது. அதற்கு ஈடாக மற்ற செலவை நாங்கள் பார்த்துக்கொண்டோம். வாட்ஸ்அப்பில் பேசலாமே என்பார்கள். பேசுகிறவர்கள் பேசட்டும். அம்மாவுக்கு அந்தக் கண்ணாடியைத் தொட்டால் பயம். எண்பத்து நான்கு வயதில் அந்தப் பயத்தை வெல்லச் சொல்லி அவரை வற்புறுத்த எனக்கு விருப்பமில்லை.

அழைப்பவர் எண் காட்டும் வசதியைச் செலவு என்று வெட்டிவிடாதீர்கள். போலீஸ் பேசுகிறோம், கோர்ட்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் பேங்க் கணக்கில் குற்றப் பணம் வந்திருக்கிறது என்று மிரட்டும் கூட்டத்துக்கு வீட்டு போனை எடுக்கும் முதியவர்தான் குறி. நம் சமூகத்தில் சேமிப்பு முழுவதையும் இப்படிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளிடம் சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் பொறுக்கவில்லை. பணம் போய்விட்டால் உடனே 997க்கு அடியுங்கள். 2022 அக்டோபரில் இதற்கென்றே தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். எத்தனை சீக்கிரம் அடிக்கிறோமோ அத்தனைக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு. அந்த எண்ணைக் காலண்டரில் சிவப்பு மையால் எழுதுங்கள்.

பில் தவறாக வந்தால் முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கித் தேதியோடு குறித்து வையுங்கள். தீராவிட்டால் தொடர்பு, பல்லூடக ஆணையம் இருக்கிறது. 1998இல் அமைத்தது, நாம் எம்.சி.எம்.சி. என்கிறோமே, அதுதான். 1800-188-030. 1800 என்பதால் வீட்டு லைனிலிருந்து காசில்லை.

அம்மாவின் கணக்கு என்னவாயிற்று என்று சொல்லி முடிக்கிறேன். ஒப்பந்தம் முடிந்ததும் அந்த 45 வெள்ளி பிளானை விட்டு 25 வெள்ளி வாடகைக்குத் திரும்பினோம். எண் காட்டும் வசதியைச் சேர்த்தோம். பேரப்பிள்ளைகளிடம் ஒரு ஏற்பாடு: ஆச்சி அடித்தால் எடுக்காமல், உடனே தங்கள் மொபைலிலிருந்து திருப்பி அடிக்க வேண்டும். அவர்களுக்கு அழைப்பு வரம்பில்லாத பிளான் இருக்கிறது. முதல் மாதம் பெரிய பேத்தி மறந்து மறந்து போனாள். அம்மா அதையும் நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தார், தீபாவளிக்கு அவள் வந்தபோது எடுத்துக் காட்டினார்.

பில்லைக் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். கொண்டு வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு இந்த மேசைக்கு வாருங்கள். நிறப் பென்சில் வைத்திருக்கிறேன். கண்ணாடி மறந்தவர்களுக்கு நான் படித்துச் சொல்கிறேன்.